இரத்தச்சோகை, ஆனால் மலப் பரிசோதனை ‘நெகடிவ்’: இதோடு விடலாமா?

தோட்ட டிஸ்பென்சரி (ஹட்டன் பக்கம்):
வணக்கம். 57 வயது ஆண், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஹீமோகுளோபின் 9.1, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 71, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 8, எல்லாமே குறைவு. பல மாதமாக ஒமெப்ரசோல் (இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து) குடிக்கிறார், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனக்கும் உண்டு. மலத்தில் மறை இரத்தம் (கண்ணுக்குத் தெரியாத இரத்தம்) ஒரு தடவை பார்த்ததில் நெகடிவ். எந்த முறையில் பார்த்தார்கள் என்று ரிப்போட்டில் இல்லை. இரும்பு மாத்திரை தொடங்கியாச்சு. நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பத்தான் வேண்டுமா?

நுண்நோக்கி:
கட்டாயம் அனுப்புங்கள். லேப்பில் முறையைக் கேட்டுப் பாருங்கள். குவையாக் அட்டை (இரத்தம் பட்டால் நீலமாகும் சோதனை அட்டை) என்றால், அது இரத்தத்திலுள்ள ஹீம் என்ற பகுதியின் பெராக்சிடேஸ் (நிறத்தை மாற்றும் வினை) வேலையைத்தான் பார்க்கிறது. விற்றமின் சி நாளுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் இரத்தம் இருந்தும் நீலம் வராது. மாட்டிறைச்சி சாப்பிட்டிருந்தால் இல்லாத இரத்தம் இருப்பதுபோல் காட்டும். மூன்று தனித்தனி மலத்தில் பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

மறை இரத்தம் பார்க்கும் இன்னொரு முறையான ஃபிட்டில் (FIT) பிறபொருளெதிரி (அன்டிபொடி) ஹீமோகுளோபினின் புரதமான மனித குளோபினை மட்டும் பிடிக்கும், பத்தியம் வேண்டாம். ஆனால் இரைப்பையில் கசியும் இரத்தத்தின் குளோபின் கீழே இறங்குவதற்குள் செரித்துவிடும். இரைப்பைப் புண்ணோ புற்றோ இருந்தும் நெகடிவ் வருவது இதனால்தான். மாதிரி எடுப்பதிலும் கெடும்: மலம் கொமட்டுத் தண்ணீரில் விழக் கூடாது, குச்சியால் நாலைந்து இடத்தில் கீறி அதன் பள்ளம் நிரம்பும் அளவு மட்டும் எடுக்க வேண்டும். குழாய் வெயிலில் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதையும். டவுனுக்கு பஸ்ஸில் கொடுத்துவிடும்போது இதைக் கவனியுங்கள்.

பச்சைமலை:
மேலே சொன்னது சரி. இன்னொன்று, பெருங்குடலின் வலப்பக்கத்தில் மலம் இளகி இருப்பதால் அங்கே வளரும் புற்று லேசில் அடைக்காது, மலத்தின் நிறமும் மாறாமலே இருக்கலாம். மெல்ல மெல்லக் கசியும், அதுவும் விட்டு விட்டு. முதலில் தெரிவது சோகைதான். இந்த வயது ஆணுக்கு இரும்புக் குறைவு உறுதியானால், எண்டோஸ்கோபி (வாய்வழியாக இரைப்பையைப் பார்ப்பது), கொலனோஸ்கோபி (ஆசனவாய்வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது) இரண்டும் பார்க்க வேண்டும்.

ஃபெரிட்டின் 15க்குக் கீழ் இருக்கும்போது தலசீமியா (பரம்பரை இரத்தச்சோகை) என்று யோசித்து நாள் கடத்தாதீர்கள். குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவுக்கு மெபெண்டசோல் கொடுங்கள், ஆனால் அதன் பலனைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம்.

தோட்ட டிஸ்பென்சரி:
நன்றி. ஒமெப்ரசோலை நிறுத்திவிட்டு அனுப்பட்டுமா?

பச்சைமலை:
முதலில் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடிய டைக்ளோஃபெனக்கை நிறுத்துங்கள், வலிக்கு பரசிட்டமோல் போதும். ஒமெப்ரசோல் ஹெலிகோபக்டர் என்ற, இரைப்பைப் புண் உண்டாக்கும் கிருமியை அடக்கி, சுவாசப் பரிசோதனையையும் திசுப் பரிசோதனையையும் பொய்யாக நெகடிவ் ஆக்கும். தொடக்க நிலைப் புற்றுப்புண்ணின் மேற்பரப்பைக்கூட ஆற்றி மறைத்துவிடும். பரிசோதனைக்கு முன் அதை 2 வாரம் விட்டால் நல்லது, அன்டிபயோட்டிக் குடித்திருந்தால் 4 வாரம். ஆனால் கறுப்பாக மலம் போனாலோ கடும் வலி இருந்தாலோ நீங்களாக நிறுத்தாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதனால் எப்போது தொடங்கியது என்று கடிதத்தில் எழுதுங்கள்.

நுண்நோக்கி:
கொலனோஸ்கோபிக்கு 7 நாள் முன்பே இரும்பை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குடல் சுத்தமாகாது. அதுவரை மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் பிளேன்டீ வேண்டாம் என்று சொல்லுங்கள். தேயிலையின் பொலிபீனோல் இரும்பை உறிஞ்ச விடாது. ஹீமோகுளோபின் ஏறியதும் ‘சுகமாச்சு’ என்று கிளினிக் திகதியை விட்டுவிடப் பார்ப்பார், விடாதீர்கள். மாத்திரையால் ஏறுகிறது, கசிவு நின்றதா என்பது அதில் தெரியாது.