ஒளிக்காலத்துவமா, பொழுதுணர்வா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். பதினோராம் வகுப்பு ஆசிரியர்களுக்கான செய்முறைக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பகல் நீளத்தைப் பொறுத்துச் செடி பூப்பதைப் பாடநூல் 'ஒளிக்காலத்துவம்' என்கிறது. அதிலிருந்து வினையோ பெயரடையோ கிளைக்கவில்லை. 'பொழுதுணர்வு' என்றால் பொழுதுணர்ந்த இலை, பொழுதுணரா நெல் என்று எழுதலாம். சரிதானா?
— இரா.

*

இரா. அவர்களுக்கு,
'ஒளிக்காலம்', 'குறும்பகல் தாவரம்' (பகல் குறுகினால் பூப்பது) இரண்டுமே தவறான பாடம் சொல்கின்றன. 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் காட்டியது, இருட்டு ஏறக்குறைய 8½ மணி நேரத்துக்கு மேல் அறுபடாமல் நீண்டால்தான் பூக்கும் என்பது. நள்ளிரவில் சில நிமிட வெளிச்சம் பட்டாலே பூக்காது. பகலை நடுவில் இருட்டால் அறுத்தாலோ ஒன்றும் ஆகாது. பகலைக் குறைத்தால் போதும் என்று நம்பும் மாணவர், செவ்வந்தித் தொட்டியை மாலை 5 முதல் காலை 8 வரை மூடிவிட்டு இரவு 11 மணிக்கு டார்ச் அடித்துப் பார்ப்பார். அப்படித் தினமும் பார்த்தால் மொட்டு தள்ளிப்போகலாம், வராமலும் போகலாம். 'இரவளவுணர்வு', 'நெட்டிரவுச் செடி' என்பதே என் கட்சி.
— செ.

*

செ. அம்மா, பொழுது என்பதற்குள் இரவும் அடக்கம். சிறுபொழுது ஆறில் மாலையும் யாமமும் வைகறையும் உண்டே. இன்னொன்று: பொழுது மருவினால் போது. மலரும் நிலையிலுள்ள மொட்டுக்கும் போது என்றே பெயர். 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி' (குறள் 1227). காலமும் பூவும் ஒரே ஒலியில் நிற்கும்போது வேறு வேர் எதற்கு? 'போதுணர்வு' என்றே வையுங்கள். அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்ற வரிசையையே பாடத்தில் சேர்க்கலாம்.
— மு.

*

மு. ஐயா, அந்தக் குறளில் இருப்பது உருவான அரும்பு விரிவது. நம் பாடம், அரும்பே தோன்றாத நாளில் இலைக்குள் நடப்பது. காலப் போதும் பூப்போதும் ஒரே வேர் என்பதையும் நான் ஏற்கவில்லை.

இரவளவும் முழு உண்மை அன்று. நீள்பகல் செடியான அராபிடாப்சிஸில் கான்ஸ்டன்ஸ் மரபணுவின் ஆர்.என்.ஏ., செடியின் உட்கடிகாரப்படி, விடிந்து 12 மணி நேரத்துக்குப் பிறகே மிகும். அப்போது வெளிச்சம் இருந்தால் புரதம் நிலைக்கும். இருட்டிவிட்டால் காப்1 என்னும் இன்னொரு புரதம் அதை அழிவுக்கு அனுப்பிவிடும். நிலைத்த புரதம் இலையின் உணவுக்குழாய்த் திசுவில் எஃப்.டி. (FT) மரபணுவை இயக்க, எஃப்.டி. புரதம் தண்டின் நுனிக்குப் போய் எஃப்.டி. (FD) என்னும் வேறு புரதத்தோடு சேர்ந்து பூ மரபணுக்களைத் தூண்டும். செடி அளப்பது பகலையும் இரவையும் தனித்தனியாக அல்ல, தன் கடிகாரமும் வெளிச்சமும் எங்கே சந்திக்கின்றன என்பதை. நெல்லில் அதே குடும்ப மரபணுவான எச்.டி.1 குறும்பகலில் தூண்டும், நீள்பகலில் தடுக்கும். ஆகவே 'பொழுதுணர்வு' பொருந்தும்.
— கா.

*

பூக்கச் சொல்லி இலை அனுப்பும் சேதிப்பொருளான ஃபுளோரிஜெனுக்கும் ஒரு சொல் சேர்த்து முடித்துவிடலாமே? ஒரே ஓர் இலை இருட்டைக் கண்டாலும் மருளூமத்தை பூக்கிறது, சேதி நுனிக்குப் போகிறது. 'பூந்தூது' அழகு.
— மு.

*

அழகுதான், ஆனால் தேர்வில் 'ஃபுளோரிஜென்' என்றே கேட்பார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இரண்டு சொல் சுமை வேண்டாம்.
— தே.

*

நால்வர் சொன்னதை ஒட்டி: தலைப்பில் 'ஒளிக்காலத்துவம்', பத்திக்குள் 'பொழுதுணர்வு', ஃபுளோரிஜென் அப்படியே. குறும்பகல், நீள்பகல் மாறவில்லை. நேரம் இல்லை, பொறுத்தருள்க.
— இரா.

*

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'குறும்பகல்' என்றே போட்டால், கீழே இதையாவது சேருங்கள்: செடியை மூடும் பெட்டியின் மூட்டுகளில் கறுப்பு நாடா ஒட்ட வேண்டும். தெருவிளக்கு விழும் ஜன்னலருகே வைக்கக் கூடாது. இரவில் திறக்கவே கூடாது. கோடையில் செய்ய வேண்டாம், கறுப்புத் துணிக்குள் சூடேறினால் இருட்டு சரியாக இருந்தும் செவ்வந்தி மொட்டு தள்ளிப்போகும்.
— செ.