மரமில்லாத தீவில் கிளி எங்கே முட்டையிடும்?

கேள்வி: நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே, ஆன்டிபோடீஸ் தீவில் மரமே கிடையாதாம். அப்புறம் அங்குள்ள கிளி எங்கே முட்டையிடும்? இரண்டு நாளாக இதே யோசனை.

பதில்: தரையில்தான். அடர்ந்த புல்தூர்களின் அடியில் வளை குடைந்து முட்டையிடும். உடல், தலை எல்லாம் பச்சை. நெற்றியில் சிவப்போ மஞ்சளோ இல்லை. புல் இலையைக் காலில் பிடித்துக்கொண்டு மெல்லும். சின்னக் கடற்பறவைகளின் வளைக்குள் புகுந்து அவற்றைக் கொன்று தின்னவும் செய்யும். கிளியா இப்படி என்று நான் மறுபடி மறுபடி படித்தேன்.

கேள்வி கேட்டவர்: அங்கே சுண்டெலித் தொல்லை உண்டென்றார்களே?

பதில்: இருந்தது. 2016இல் ஹெலிகாப்டரில் விஷ இரை தூவினார்கள். 2018இல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

இன்னொருவர்: அதே தீவில் சிவப்பு நெற்றியுள்ள இன்னொரு கிளியும் வாழ்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.