டபுள் டெக்கர் ரயில் பெட்டிக்கு எத்தனை வயசு வரை மரியாதை?

குப்பம் பாசஞ்சர் (கிருஷ்ணகிரி):
போன வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து உதய் எக்ஸ்பிரஸ் டபுள் டெக்கரில் மேல் அடுக்கில் உட்கார்ந்து வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கோயம்புத்தூர் நூல் வியாபாரி. தலைக்கு மேல் இருந்த கூரையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாடி கட்டி ஓட்டறாங்க, பத்து வருசம் தாங்குமாங்க இது?" என்றார். குப்பத்தில் இறங்கும் வரை அவரோடு வாதம் பண்ணியும் தீரவில்லை, மீதியை இங்கே கொட்டுகிறேன்.

கிருஷ்ணகிரிக்காரனுக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் ஊருக்கும் 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் வந்தது, 1936-ல் நிறுத்திவிட்டார்கள், அன்றிலிருந்து ரயில் ஏற குப்பத்துக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இல்லாதவனுக்குத்தான் ஆசை அதிகம்.

நான் சொல்வது இதுதான். ரெண்டு அடுக்கு என்றால் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும் என்பது பழைய மாடி பஸ்ஸைப் பார்த்து வந்த நினைப்பு. ரயிலில் கதை தலைகீழ். சிகாகோ புறநகர் ரயிலுக்காக 1950-களில் 'பட்' என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த ரெண்டு அடுக்குப் பெட்டிகள் 2020-களிலும் ஆபீஸ் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஓடின. சான்டா ஃபே என்ற அமெரிக்க ரயில் கம்பெனிக்காக 1956-ல் செய்த மாடிப் பெட்டிகளில் சில, அந்த நாட்டின் தேசிய ரயில் நிறுவனமான ஆம்டிராக் கைக்குப் போய் 2018 பிப்ரவரி வரை கடலோர ரயிலில் ஓடின. கனடாவில் டொராண்டோ பக்கம் 1978-ல் வந்த பெட்டி வரிசை இன்னும் ஓடுகிறது. நம் நாட்டிலேயே சூரத் - மும்பை ஃப்ளையிங் ராணி 1979 டிசம்பரில் டபுள் டெக்கர் ஆனது, 2023 ஜூலையில்தான் மாற்றினார்கள். நாற்பத்து மூன்றரை வருஷம்! இனி யார் என்ன சொல்வீர்கள்?

தொப்பூர் கணவாய் (தர்மபுரி):
நான் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து அரூருக்கு எங்கள் தாத்தா காலத்திலிருந்து பஸ் ஓடுகிறது. அதனால் அதே பஸ்தான் ஓடுகிறது என்று அர்த்தமா? ரயில் ஓடிய வருஷம் வேறு, பெட்டி ஓடிய வருஷம் வேறு. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய நம் பழைய ரகப் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுளே 25 வருஷம். ராணிக்கு நாற்பத்து மூன்றரை என்றால் நடுவில் பெட்டி மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ ஆயுளைத் தாண்டி ஓட்டியிருக்க வேண்டும். எது என்றாலும் உங்கள் பெருமை அடிபடுகிறது.

அப்புறம், எழுபது வருஷம் ஓடியது என்றால் நன்றாகச் செய்தார்கள் என்று மட்டும் அர்த்தமில்லை, புதுசு வாங்கக் காசு ஒதுக்கவில்லை என்றும் அர்த்தம். சிகாகோக்காரர்கள் 2021-ல்தான் ரயில் செய்யும் ஆல்ஸ்டம் கம்பெனியிடம் 200 புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். சிட்னியில் 1972-ல் வந்த எஸ் செட் மாடி ரயில்கள் ஏசி இல்லாமலே 2019 வரை ஓடின. அந்த ஊர் ஜனவரி வெயிலில் மேல் அடுக்கில் உட்கார்ந்து போனவனிடம் போய் ஆயுளைப் பற்றிப் பெருமை பேசிப் பாருங்கள்.

குப்பம் பாசஞ்சர்:
ராணி விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ரயில் வருஷத்தைப் பெட்டி மேல் ஏற்றியிருக்கக் கூடாது. ஆனால் சிகாகோவும் சான்டா ஃபேயும் அப்படி இல்லை, அங்கே பேசுவது அதே பெட்டியைத்தான்.

மொரப்பூர் ஃபிட்டர்:
தம்பிகளா, ஒரு ரயில்வே பணிமனையில் 31 வருஷம் பெட்டிக்கு அடியில் படுத்தே காலம் தள்ளியவன் நான். எந்தப் பணிமனை என்பது வேண்டாம், ரெண்டு பேரும் பாதி சரி.

முதலில் ஒரு சின்ன விஷயம். பெட்டி எந்த வருஷத்தது என்று சண்டை போடவே தேவையில்லை. பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெட்டி நம்பரில் முதல் ரெண்டு இலக்கம்தான் அது செய்த வருஷம். ராணி பெட்டியின் பழைய போட்டோ கிடைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள், வழக்கு முடிந்தது.

இனி ஆயுள். பெட்டி எதனால் சாகிறது தெரியுமா? அடுக்கினால் இல்லை, துருவினால். பழைய பெட்டிகளில் கழிவறைக்குக் கீழேயும் கதவு வாசல்படி ஓரத்திலும்தான் முதலில் பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கீழே படுத்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல தகடு டங் டங் என்று சொல்லும். கழிவறைக்கு அடியில் வந்ததும் சத்தம் மொத்தென்று மாறும், அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விடும். துருத்தூள் கண்ணில் கொட்டும். அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைப்போம். ரெண்டு தடவை, மூன்று தடவை வைக்கலாம், அதற்கு மேல் ஒட்டுக்கு ஒட்டு வைக்கத் தகடே இருக்காது.

பட் கம்பெனி பெட்டி ஏன் நின்றது என்றால், அது முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த ஸ்டீலைச் சாதாரணமாகச் சூடேற்றிப் பற்ற வைத்தால் ஒட்டின இடத்தில் அதன் குணமே போய்விடும். அவர்கள் கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் கரன்ட் கொடுத்துப் புள்ளி புள்ளியாகப் பற்ற வைக்கும் முறையை 1930-களிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பெட்டிக்கு வெளியே பெயின்ட்கூட அடிக்கவில்லை. ஜெர்மன் வடிவமைப்பில் வந்த நம் புது ரக எல்.எச்.பி. பெட்டிக்கு 35 வருஷம் கொடுத்திருப்பதும் அதன் உடம்பு பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால்தான்.

மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். 915 மில்லிமீட்டரில் புதுசாக வரும் சக்கரத்தைக் கடைந்து கடைந்து ஓட்டுவோம், 845-க்கு வந்ததும் கழற்றிப் போடுவோம். ஸ்பிரிங், பிரேக், ஒயர், சீட், ஏசி எதுவும் பழசு இருக்காது. எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டில் மாதிரி. சட்டம் எங்கள் அப்பா செய்தது, கயிறு எத்தனை தடவை மாற்றினோம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதை அப்பா கட்டில் என்றுதானே சொல்கிறோம்?

தொப்பூர் கணவாய்:
ஐயா, கட்டில் ஓடுவதில்லையே.

அரூர் கணக்கு:
வயசை வருஷத்தில் எண்ணுவதே தப்பு என்கிறேன், கிலோமீட்டரில் எண்ண வேண்டும். சிகாகோ - அரோரா ஒரு வழிக்கு 60 கி.மீ. ஒரு பெட்டி நாளைக்கு ரெண்டு தடவை போய் வந்தாலும் 240. காலையில் ஊருக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம் வரை யார்டில் சும்மா நிற்கும் பெட்டிகளும் உண்டு. நம் சென்னை - பெங்களூர் டபுள் டெக்கர் ஒரு வழிக்குச் சுமார் 360 கி.மீ., அன்றைக்கே திரும்பினால் 720. வருஷத்துக்கு ரெண்டரை லட்சம். நம் பெட்டி ஒரு வருஷத்தில் ஓடுவதை அவர்கள் பெட்டி மூன்று வருஷத்தில் ஓடும். அறையில் மடித்து வைத்த வேட்டி நாற்பது வருஷம் இருந்தது என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

குப்பம் பாசஞ்சர்:
கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் ஆம்டிராக்கின் சூப்பர்லைனர் மாடிப் பெட்டியை மறந்துவிட்டீர்கள். அது ஆபீஸ் ரயில் இல்லை. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு 3,600 கி.மீ.க்கு மேல், ரெண்டு ராத்திரி, பாலைவன வெயிலும் உண்டு பனியும் உண்டு. முதல் தொகுதி 1979-லிருந்து 1981 வரை செய்தது. நாற்பது வருஷம் தாண்டியும் அதே பாதையில் ஓடுகிறது. இதற்கும் மடித்து வைத்த வேட்டி என்பீர்களா?

அரூர் கணக்கு:
அது துவைத்துக் கட்டிய வேட்டிதான், சரி.

பாரூர் ஏரி:
எல்லோரும் பெட்டி தாங்குமா என்றே பேசுகிறீர்கள். உள்ளே இருக்கிற ஆள் தாங்குவாரா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை போக வேண்டும். டபுள் டெக்கரில் ஏறினால் ஒன்று மேலே படி, இல்லையென்றால் கீழே படி. போன தடவை கீழ் அடுக்கில் இடம். ஸ்டேஷனில் நிற்கும்போது ஜன்னலுக்கு நேராகப் பிளாட்பாரம், எங்கள் கண் மட்டத்தில் வெறும் கால்கள். ஒரு பெரியவரின் அறுந்த செருப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூடை, கூடையில் ஒட்டியிருந்த வைக்கோல் வரை தெரிந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, "குழிக்குள்ள உக்கார வெச்சுட்டியேடி" என்றார். அது பரவாயில்லை, இறங்கும்போது கூட்டத்தில் அந்தப் படியை ஏறி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்று எனக்குத்தான் வயிறு கலங்கியது.

சாதாரண ஏசி சேர் காரில் 78 சீட், இதில் 120. அந்த 42 பேர் எங்கிருந்து வந்தார்கள்? நம் தலைக்கு மேல் இருந்த இடத்திலிருந்தும் சாமான் வைக்கும் இடத்திலிருந்தும்தான். சென்னை - பெங்களூர் வண்டி 2013 ஏப்ரலில் வந்தது. ஃபிட்டர் ஐயா சொல்லும் 35-ஐக் கூட்டினால் 2048. அதாவது வரைபடத்தில் ஒரு நாள் போட்ட அளவு, 2048 வரை நம் தலையில் இடிக்கும். அளவு தப்பித் தைத்த ரவிக்கை கிழியாமல் இருக்கிறது என்று யாராவது சந்தோஷப்படுவார்களா?

தொப்பூர் கணவாய்:
அக்கா, நான் ரெண்டு பத்தி எழுதியும் வராதது ஒரு ரவிக்கையில் வந்துவிட்டது.

குப்பம் பாசஞ்சர்:
அக்கா சொல்வது நம் ஊர் அளவுக் கோளாறு, டபுள் டெக்கரின் கோளாறு இல்லை. நம் பாதையில் பாலம், சுரங்கம், பிளாட்பாரம் எல்லாம் ஒற்றை அடுக்கை நினைத்துக் கட்டியது, அதற்குள் ரெண்டைத் திணித்தால் இடிக்கத்தான் செய்யும். சிகாகோ பெட்டியில் வேறு மாதிரி யோசித்தார்கள். மேல் தளம் முழுசாக இல்லை, ரெண்டு பக்கமும் பரண் மாதிரி, நடுவில் திறந்த இடம். டிக்கெட் பார்ப்பவர் கீழே நடந்துகொண்டே கையை நீட்டி மேலே இருப்பவரின் டிக்கெட்டையும் வாங்கிப் பார்ப்பார். படி ஏறும் வேலை அவருக்கே இல்லை!

பாரூர் ஏரி:
டிக்கெட் பார்ப்பவருக்குப் படி இல்லை. மேலே உட்காருகிறவருக்கு?

மொரப்பூர் ஃபிட்டர்:
அம்மணி கேட்பது நியாயம். என்னை உறுத்துவதும் கிட்டத்தட்ட இதுதான். ஒற்றை அடுக்குப் பெட்டிக்கு வயசானால் அதற்கு ரெண்டாவது பிழைப்பு உண்டு. சீட்டெல்லாம் கழற்றி, ஜன்னலை அடைத்து, கடைசிச் சுவரில் பெரிய கதவு வைத்து, கார் ஏற்றும் வண்டியாக மாற்றிவிடுவார்கள். பயணிகளோடு ஓடி முடித்த பெட்டி, கார்களோடு இன்னும் சில வருஷம் ஓடும். மாடிப் பெட்டியில் அது நடக்காது. நடுவில் இருக்கும் தளமும் பெட்டிக்குப் பலம் கொடுக்கும் பாகம், ரெண்டு கடைசியிலும் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தைத்தான் போகி என்போம், அந்த ரெண்டு போகிக்கும் நடுவே தரை தாழ்ந்தும் இருக்கிறது. உள்ளே எதை மாற்றினாலும் அந்த ரெண்டு அடுக்கும் படியும் அப்படியேதான் இருக்கும். கட்டில் என்றேனே, இது சுவரோடு சேர்த்துக் கட்டின திண்ணை.

ஆனால் நல்ல உடம்பு வீணாகாது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவில் கால்ட்ரெய்ன் என்ற புறநகர் ரயில் 2024-ல் மின்சாரத்துக்கு மாறியபோது, 1985-லிருந்து ஓடிய காலரி பெட்டிகளை, அதாவது தம்பி சொன்ன அந்தப் பரண் வகையை, உடைக்கவில்லை. பெருவில் இருக்கும் லிமா நகரத்துக்கு 90 பெட்டி கொடுத்துவிட்டார்கள்.

தொப்பூர் கணவாய்:
அதுதான் ஐயா என் சந்தேகமும். பணக்காரன் வேண்டாம் என்றது ஏழைக்குப் புதுசு. நாளைக்கு உதய் பெட்டியையும் கலர் அடித்து ஓசூர் - தர்மபுரி பாதைக்கு அனுப்பி, உங்களுக்கும் டபுள் டெக்கர் வந்தாச்சு என்பார்கள்.

குப்பம் பாசஞ்சர்:
அனுப்பட்டும்! நான் ரெடி. எங்கள் ஊரில் தண்டவாளமே இல்லை, நீங்கள் பெட்டிக்குக் குறை சொல்கிறீர்கள்.

மொரப்பூர் ஃபிட்டர்:
அதெல்லாம் இருக்கட்டும். பாரூர் அம்மணி, அந்தப் பெட்டியின் ரெண்டு கடைசியிலும், போகிக்கு மேலே, நடு மட்டத்தில் கொஞ்சம் சீட் இருக்கும். அதுதான் கதவுக்கு நேர், ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம். சீட்டை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, அதனால் ஏறியதும் டி.டி.இ.யிடம் சொல்லுங்கள். அவர் பிஸியாக இருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் இளவட்டத்திடம் மாற்றிக் கேளுங்கள், அம்மாவின் காலைப் பார்த்தால் எழுந்துவிடுவார்கள்.

பாரூர் ஏரி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா! வர்ற வெள்ளிக்கிழமை உதயில்தான் திரும்பி வருகிறோம். குப்பம் பாசஞ்சர், நீங்களும் அதே வண்டிதானே?

குப்பம் பாசஞ்சர்:
அதேதான் அக்கா. எனக்கு மேல் அடுக்கு விழுந்திருக்கிறது. பெங்களூரில் கொஞ்சம் முன்னாலேயே வந்து, கடைசி சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பேசி வைக்கிறேன். அம்மாவுக்கு எந்தப் பெட்டி என்று மட்டும் சொல்லுங்கள்.