கன்ரபரியில் சண்டை, கொழும்பில் நாங்கள் எந்தப் பக்கம்?

வெள்ளவத்தை அம்மா:

போன ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது தொடங்கிய பேச்சு, இப்போது எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவையே இரண்டாக்கிவிட்டது. நாங்கள் அங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வந்த மரபு, தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்கள். 2023இல் இங்கிலாந்துத் திருச்சபை தன்பாலினத் தம்பதிகளுக்காக ஆசீர்வாத ஜெபம் சொல்ல இடம் கொடுத்தது. 2025 அக்டோபரில் சாரா முலாலி என்ற பெண்ணைக் கன்ரபரிப் பேராயராக, அதாவது உலக அங்கிலிக்கன் சபைகளின் மூத்த பேராயராக, அறிவித்தார்கள், இரண்டு வாரத்துக்குள் ஆபிரிக்கச் சபைகள் முன்னிற்கும் காஃப்கான் என்ற மரபுவாத அமைப்பு உலக அங்கிலிக்கன் ஐக்கியத்தை இனித் தாங்களே நடத்தப்போவதாக அறிக்கை விட்டது. அந்த அறிக்கையை யாரோ குழுவில் போட்டார்கள். இந்தச் சபையில் இனி இருக்க மாட்டோம் என்று இரண்டு குடும்பங்கள் சொல்ல, போகிறவர்கள் போகட்டும் என்று வேறு சிலர் சொல்ல, இருபது வருஷம் ஒன்றாகப் பாடினவர்கள் இப்போது முகம் பார்ப்பதில்லை.

என் மகளுக்கு 17 வயது. "அம்மா, நாங்கள் யார் பக்கம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையிலேயே நாங்கள் ஒரு பக்கம் எடுக்க வேண்டுமா? இங்கிலாந்தில் எடுக்கிற முடிவு எங்களைக் கட்டுமா?

ஜிந்துப்பிட்டி:

கடைசிக் கேள்விக்கு முதலில். கட்டாது. இலங்கைத் திருச்சபையின் உபதேசத்தையும் வழிபாட்டையும் தீர்மானிப்பது இங்கிலாந்துத் திருச்சபையின் சினட் என்ற ஆட்சி மன்றம் அல்ல, அங்கே அனுமதித்த ஜெபம் இங்கே தானாக வந்துவிடாது. ஆனால் தூரத்துச் சண்டை என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் எங்களுக்குச் சொந்தமாகத் தலைமைப் பேராயர் இல்லை. கொழும்பு, குருநாகல் என்று இரண்டே மறைமாவட்டங்கள், இரண்டுக்கும் மேலே நேரடியாகக் கன்ரபரி. பெர்மியூடா, ஸ்பெயின், போர்த்துக்கல் போல ஒரு சில சபைகளுக்குத்தான் இந்த நிலை. நைஜீரியாக்காரர் கன்ரபரியை ஏற்க மாட்டோம் என்றால் அவர்களுக்கென்று ஒரு தலைமைப் பேராயர் இருக்கிறார். நாங்கள் அதைச் சொன்னால் மேலே யாரும் இல்லை.

அப்புறம், இது எங்கள் ஊருக்கு முதல் சண்டையும் அல்ல. 1875 கடைசியில் கொப்பிள்ஸ்டன் என்பவர் கொழும்பின் பேராயரானார், அப்போது அவருக்கு வயது 30தான். அவர் தூபம், சடங்கு என்று கத்தோலிக்கருக்குக் கிட்டப் போகிற உயர்சபை மரபுக்காரர், இங்கே வேலை செய்த சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிகள் வேதத்தையும் பிரசங்கத்தையும் முன்வைக்கிற சுவிசேஷ மரபுக்காரர்கள். தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்காக 1854இல் தொடங்கிய மிஷன் யாருக்குக் கீழ் இருக்க வேண்டும், பேராயருக்கா சி.எம்.எஸ்ஸுக்கா என்பதுதான் மூல வழக்கு. 1876இல் அவர் சி.எம்.எஸ். குருமாரின் அனுமதிப் பத்திரங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார். விஷயம் இங்கிலாந்துவரை போய், பெரிய பேராயர்கள் உட்கார்ந்து தீர்க்க நாலு வருஷம் ஆனது. எங்களில் பலருடைய பூட்டன் பூட்டிமார் அந்த மிஷனில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் பொல்வத்தை புனித மிக்கேல் ஆலயத்தில் உயர்சபை மரபு, காலிமுகத்திடல் கிறிஸ்து ஆலயம் சி.எம்.எஸ். கட்டியது. இரண்டுக்கும் ஒரே பேராயர்.

மட்டக்குளி:

தங்கச்சி, நான் மரபின் பக்கம் நிற்கிறவன், அதை மறைக்கவில்லை. தூபம் போடுவதா வேண்டாமா என்ற சண்டையும் திருமணம் என்றால் என்ன என்ற சண்டையும் ஒன்றல்ல, ஜிந்துப்பிட்டி அண்ணன் மன்னிக்க வேண்டும். உலகத்து அங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லம்பெத் மாநாட்டில், 1998இல், 1.10ஆம் தீர்மானத்துக்கு 526 பேராயர்கள் ஆதரவு, 70 பேர் எதிர்ப்பு. திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில், ஓரினச் சேர்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்று அதில் இருக்கிறது, அந்தத் தீர்மானத்தை இதுவரை எந்த லம்பெத் மாநாடும் நீக்கவில்லை. ஆபிரிக்கச் சபைகள் புதிதாக எதையும் கேட்கவில்லை, எல்லோரும் சேர்ந்து சொன்னதை ஏன் விட்டீர்கள் என்றுதான் கேட்கின்றன. அவர்களைப் பின்தங்கியவர்கள் என்று எங்கள் ஆட்களே சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஆனால் அதே தீர்மானத்தில் அந்த மனிதர்களின் அனுபவத்தைக் கேட்போம் என்றும், அவர்கள் மேல் உள்ள காரணமற்ற பயத்தைக் கண்டிக்கிறோம் என்றும் இருக்கிறது. அந்த வரியைக் குழுவில் யாரும் போடுவதில்லை. நானும் இத்தனை வருஷம் முதல் பாதியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன், அது சரியில்லை.

கொட்டாஞ்சேனை:

அண்ணா அந்த இரண்டாம் பாதியைச் சொன்னதற்கு நன்றி. என் பெரியம்மாவின் மகன் பாடகர் குழுவில் இருந்தவன், நல்ல குரல். ஒரு பிரசங்கத்துக்குப் பிறகு எழுந்து போனவன் திரும்பி வரவே இல்லை. யாரும் அவனைத் தேடிப் போகவும் இல்லை, நான் உட்பட. பிரித்தானியர் 1883இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவையின், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அதைக் குற்றமில்லை என்று ஆக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது, மசோதா நிறைவேறவில்லை. வெளியே சட்டத்துக்குப் பயந்து வாழ்கிறவன் உள்ளேயும் பயப்பட வேண்டுமா?

உபதேசம் மாறாது என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1908 லம்பெத் மாநாடு கருத்தடையைக் கண்டித்தது, 1930இல் அதே மாநாடு சில நிலைமைகளில் அதற்கு இடம் கொடுத்தது. 2006இல் எங்கள் திருச்சபை பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்தபோது என் அம்மா பெண் கையால் நற்கருணை வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தா. கடைசியில் ஆஸ்பத்திரியில் அவவுக்கு நற்கருணை கொண்டுவந்து கொடுத்தது ஒரு பெண் குருதான். அம்மா வாங்கினா. அவ மனம் மாறினாவா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளவத்தை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகளிடம், நான் இன்னும் முடிவெடுக்கவில்லை, எங்கள் சபையை விட்டுப் போவதாகவும் இல்லை என்று சொன்னேன். அவள் திரும்பக் கேட்டது வேறு. "அந்த இரண்டு குடும்பத்தோடும் யாராவது நேரில் கதைத்தீர்களா?" ஒருவரும் போகவில்லை. நாளைக்கு நான் போகிறேன்.

மட்டக்குளி அண்ணா, அந்த 1.10 தீர்மானம் முழுதாகத் தமிழில் இருக்கிறதா? எங்கள் குழுவில் எல்லோரும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள், முழுதாக வாசித்தவர் ஒருவரும் இல்லை.

மட்டக்குளி:

நான் தமிழில் பார்த்ததில்லை. சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா, மகளையும் கூட்டிக்கொண்டு வா, உட்கார்ந்து வரி வரியாகச் செய்வோம். கொட்டாஞ்சேனைத் தங்கச்சியும் வரவேண்டும், நான் ஒரு வரியையும் விடாமல் பார்த்துக்கொள்ள.