மறு: 'ஹோல்ட்' – தடுப்பா, நிறுத்தமா, இருத்தலா?

அனைவருக்கும் வணக்கம். கணினியில் இற்றைப்படுத்தல் (அப்டேட், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பு) வந்தாலும் ஏற்காமல் பழைய பதிப்பிலேயே வைத்திருக்கச் சொல்லும் 'ஹோல்ட்' கட்டளைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> 'வேண்டாத இற்றைப்படுத்தலைத் தடுத்தல்' என்று விரித்தே எழுதலாமே, தனிச்சொல் எதற்கு?

ஐயா, கட்டுரையில் எழுதலாம்; பொத்தானில் இடம் போதாது. இடம் கிடந்தாலும் பொருள் உதைக்கிறது. யாருக்கு வேண்டாதது? நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் 22 கணினிகள். ஒரு திங்கட்கிழமை காலை நான்கு மேசைகளில் ரசீது அச்சுப்பொறி வாயைத் திறக்க மறுத்துவிட்டது. இரவோடு இரவாக, அச்சுப்பொறியைக் கணினியோடு பேசவைக்கும் இயக்கி (டிரைவர்) ஒன்று புதிதாக வந்து இறங்கியிருந்தது. மற்ற 18 கணினிகளில் அதே இயக்கி ஒழுங்காகத்தான் ஓடியது. நான்கு பேருக்கு வேண்டாதது, பதினெட்டுப் பேருக்கு வேண்டியது. எனவே, வந்த பொருளைக் குறைசொல்லும் சொல் வேண்டாம். நிர்வாகி அதை என்ன செய்தார் என்று சொல்லும் சொல் போதும்.

'தடுப்பு' எனக்கு ஒப்பவில்லை. தடுத்தால் தடுத்ததுதான், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திக்கொண்ட ஓட்டையை அடைக்கும் ஒட்டு (பேட்ச்) 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் மே 12. இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம். ஒட்டைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நிறுத்தியதை ஒருநாள் விட்டாக வேண்டும் என்ற நினைப்பு சொல்லுக்குள்ளேயே இருந்தால் நல்லது.

நாம் குழம்புவதற்குக் காரணம், மூன்று வேலைகளை ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதுதான்.

தேதி சொல்லித் தள்ளிவைப்பது ஒன்று. விண்டோஸின் நிறுவனப் பதிப்புகளில் பெரிய மேம்பாட்டை 365 நாள் வரையும், மாதாந்திர ஒட்டுகளை 30 நாள் வரையும் தள்ளலாம். இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். சட்டமன்றமும் நீதிமன்றமும் நாள்தோறும் செய்வது: ஒத்திவைப்பு.

இரண்டாவது, அலுவலகக் கணினிகளுக்கு விண்டோஸ் இற்றைப்படுத்தல்களைப் பங்கிடும் டபிள்யூசஸ் (WSUS) வழங்கியில் உள்ள 'டிக்ளைன்', அதாவது வேண்டாம் என்று ஒதுக்குவது. இற்றைப்படுத்தல்களை முதலில் அந்த ஒரு வழங்கி வாங்கி வைத்துக்கொள்ளும். நிர்வாகி இசைவு கொடுத்தவை மட்டுமே மற்ற கணினிகளுக்குப் போகும். ஏரி மதகும் அதைத் திறந்துவிடும் நீர்க்கட்டியும் நினைவுக்கு வந்தால் தவறில்லை. இங்கே 'மறு' என்று ஒருவர் முன்மொழிந்தார். பெயர்ப்பட்டியலில் அழகாக இருக்கும், திரையில் வம்பு: பக்கத்திலேயே 'மறுதொடக்கம்' என்ற பொத்தான் நிற்கும். ஒரு 'மறு' வேண்டாம் என்கிறது, இன்னொரு 'மறு' மீண்டும் என்கிறது. இந்த மடலின் தலைப்பிலேயே மூன்றாவதாக, பதில் என்ற பொருளில், ஒரு 'மறு' உட்கார்ந்திருக்கிறது! 'தள்ளுபடி' என்றால் துணிக்கடை ஞாபகம் வரும். 'விலக்கு' போதும் என்பது என் கட்சி.

மூன்றாவதுதான் ஹோல்ட். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பொதியை (நிறுவும் மென்பொருள் தொகுப்பை) ஹோல்ட் செய்தால், நாமாக விடுவிக்கும் வரை அது இருக்கிற பதிப்பிலேயே இருக்கும், தேதி கிடையாது. தானியங்கி இற்றைப்படுத்தலும் அதைத் தொடாது. 'நிறுத்து' என்றால் ஓடுகிற நிரலையே நிறுத்திவிடுவதாகப் பயனர் பயப்படுவார். 'நிறுத்திவைப்பு' பரவாயில்லை, தேர்வு முடிவை நிறுத்திவைத்தார்கள் என்றால் பின்னால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிறுத்திவைக்கப்படுவது வரப்போகும் பதிப்பு. ஹோல்ட் என்ற கட்டளையோ உள்ளே இருக்கும் பதிப்பைப் பற்றியது. அதனால் 'இருத்து' என்கிறேன். குழந்தையை மடியில் இருத்தினாள் என்பதில் வரும் அதே வினை. எதிர்ச்சொல் 'விடுவி'. இருத்திய பொதிகள், விடுவித்த பொதிகள் என்று பெயரெச்சமும் தடையில்லாமல் வருகிறது.

> எதை இருத்துகிறோம் என்று சொல்லாவிட்டால் 'இருத்து' வெறும் உட்கார்தல் ஆகிவிடாதா?

ஆகும். அதனால்தான் 'பதிப்பை இருத்து' என்று செயப்படுபொருளோடு எழுதச் சொல்கிறேன். இது இலக்கண வீம்பு அல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் காவல் மென்பொருளுக்கு வந்த கோப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. அந்தக் காவல் மென்பொருளை ஒரு பதிப்பு பின்தங்கியே வைத்திருந்த நிர்வாகிகளும் தப்பவில்லை. அவர்கள் இருத்தியது மென்பொருளின் பதிப்பை. வந்ததோ அந்த மென்பொருள் படித்துக்கொள்ளும் உள்ளடக்கக் கோப்பு, அது பதிப்போடு சேராமல் வேறு வழியாக வந்தது.

'இற்றை' என்றாலே இற்றுப்போனது போல ஒலிக்கிறது என்ற பழைய முறையீடு மீண்டும் வந்திருக்கிறது. பாரி மகளிர் 'இற்றைத் திங்கள்' என்று பாடியபோது நிலவு இற்றுப்போகவில்லை. அதை இங்கே கிளற வேண்டாம். புதுப்பிப்பு என்று எழுதுபவர்கள் அப்படியே எழுதட்டும்.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. 'இருத்து' என்பதன் தொழிற்பெயரை 'இருத்தல்' என்று எழுதினால் தன்வினையாகிவிடுகிறது. 'இருத்துதல்' பட்டியல் தலைப்பில் நீள்கிறது. 'இருத்தம்' என்று ஆக்கலாமா? பொருத்து, பொருத்தம் என்று இருக்கிறதே. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை மொழிபெயர்ப்புக் கோப்பில் 'இருத்துதல்' என்றே இட்டுவைக்கிறேன்.