பழைய லேசர் பிரிண்டர் புதிய ரூட்டருடன் சேர மறுக்கிறது (தீர்ந்தது)

மாடிவீடு:
2011இல் வாங்கிய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். இரண்டு வரித் திரை, வைஃபை உண்டு. போன வாரம் வரை குறையில்லாமல் ஓடியது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து, வைஃபை 6 ரூட்டரை மாட்டியதிலிருந்து சேர மாட்டேன் என்கிறது. பட்டியலில் எங்கள் வைஃபை பெயர் தெரிகிறது. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி அழுத்திக் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. கடைசியில் ‘இணைப்பு தோல்வி’. நான்கு முறை பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை மகளுக்குத் தேர்வு, நுழைவுச் சீட்டு அச்சிட வேண்டும்.

கடைத்தெரு:
இவ்வளவு வயதான பிரிண்டரோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? புதிது வாங்கிவிடுங்கள்.

மாடிவீடு:
போன மாதம்தான் டோனர் மாற்றினேன். அது தீரும்வரை இந்தப் பேச்சு வேண்டாம்.

கம்பிவடம்:
ஐயா, பெயர் தெரிகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் காதில் விழும்; 5 கிகாஹெர்ட்ஸ் விஷயத்தில் அவை செவிடு. பெயர் தெரிவதால் அலைவரிசையில் கோளாறு இல்லை. கடவுச்சொல் கொடுத்த பிறகு விழுகிறது என்றால் பாதுகாப்பு முறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 வந்ததே 2018இல்; பழைய கருவிகளுக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2தான். ரூட்டரில் ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்றிருந்தால் கடவுச்சொல்லை நூறு முறை அடித்தாலும் நடக்காது.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் நிர்வாகப் பக்கத்தின் முகவரி இருக்கும். உள்ளே போய் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையை வையுங்கள். சில பழைய கருவிகள் அதற்கும் தடுமாறும். அப்படியானால் 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து, அதில் மட்டும் டபிள்யூபிஏ2, அதோடு ஏஇஎஸ் என்ற குறியாக்கம் போதும். டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தின் பக்கம் மறந்தும் போகாதீர்கள். பாதுகாப்பும் போகும், வேகமும் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

மாடிவீடு:
கலந்த முறையிலும் சேரவில்லை. தனிப் பெயர் வைக்கும் இடம் கண்ணில் படவில்லை, ‘விருந்தினர் வைஃபை’ என்று ஒன்று இருந்தது. அதை 2.4இல் டபிள்யூபிஏ2ஆகத் திறந்தேன். பிரிண்டர் உடனே சேர்ந்துவிட்டது! ஆனால் மடிக்கணினியில் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறது.

தாள்சிக்கல்:
விருந்தினர் வைஃபை என்பது வந்தவர்களைத் திண்ணையோடு நிறுத்துவதற்காக வைத்தது. இணையம் கிடைக்கும், வீட்டுக்குள் இருக்கும் கருவிகளோடு பேச விடாது. பிரிண்டரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறீர்கள். ‘ஸ்மார்ட் கனெக்ட்’ போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். அதை அணைத்தால் 2.4, 5 இரண்டும் தனித்தனியாகத் தெரியும். மடிக்கணினி 5இலும் பிரிண்டர் 2.4இலும் இருந்தால் பாதகமில்லை, இரண்டும் ஒரே வீடுதான்.

மாடிவீடு:
அணைத்தேன், பிரிந்தது, பிரிண்டரும் சேர்ந்தது. கடவுச்சொல்லை இந்த முறை எண்களாகவே வைத்துக்கொள்ளலாமா என்று சபலம் தட்டியது, வைக்கவில்லை. ஆனால் இன்னமும் ‘ஆஃப்லைன்’.

கம்பிவடம்:
இனிக் குற்றம் கணினியுடையது. ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரி (ஐபி முகவரி) கொடுக்கும்; பழைய ரூட்டர் கொடுத்த முகவரியிலேயே கணினி பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடுங்கள், இன்றைய ஐபி முகவரி அதில் இருக்கும். விண்டோஸ் என்றால் பிரிண்டர் பண்புகளில் ‘போர்ட்ஸ்’ பகுதிக்குப் போய், அந்த முகவரிக்குப் புதிய டிசிபி/ஐபி போர்ட் சேர்த்தால் போதும். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவ வேண்டியதில்லை. பிறகு ரூட்டரில் அதே முகவரியைப் பிரிண்டருக்கு ஒதுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறி, மறுபடி இங்கேதான் வருவீர்கள்.

மாடிவீடு:
கணினி தேடிக்கொண்டிருந்தது 192.168.0.105. தாளில் இருப்பது 192.168.1.7. போர்ட்டை மாற்றிய மறுகணம் பிரிண்டர் உறுமியது. ஒரு வாரமாக வரிசையில் தேங்கிக் கிடந்த எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நுழைவுச் சீட்டு மட்டும் ஆறு பிரதி. டோனரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முகவரியையும் ஒதுக்கிவிட்டேன். இருவருக்கும் நன்றி.