ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப்பா, புதுசா? நம்ம கடற்கரைப் பக்கம் வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் விசைப்படகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும்போதுதான் காலேஜ் அட்மிஷனும் வரும். தங்கச்சிக்கு பி.சி.ஏ. கிடைத்தது. புது லேப்டாப் நாற்பதாயிரத்துக்குக் கீழே உருப்படியாக எதுவும் இல்லை. வெளியூர்க் கடை ஒன்றில் ரீஃபர்பிஷ்டு திங்க்பேட் பாதி விலைக்குக் கிடைத்தது, எடுத்தோம். நன்றாகத்தான் ஓடியது.

ஒரு நாள் எல்லாவற்றையும் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று ரீசெட் கொடுத்தாள். திரும்ப ஆன் ஆகி வைஃபை கிடைத்ததும், பெங்களூரு கம்பெனி ஒன்றின் பெயர் திரையில் வந்து நின்றது. அலுவலக மெயிலும் பாஸ்வேர்டும் கொடு என்கிறது, அதைத் தாண்டி உள்ளே போக வழியே இல்லை. தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: “அண்ணே, இது திருட்டு லேப்டாப்பா?” அவள் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

திருட்டு இல்லை. அந்தக் கம்பெனி, அலுவலக மெஷின்களைப் பதியும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடான ஆட்டோபைலட்டில் இந்த மெஷினைப் பதிந்து வைத்திருக்கிறது, விற்கும்போது பதிவை நீக்கவில்லை. கடைக்காரர் நெட் இல்லாமலே விண்டோஸ் போட்டுக் கொடுத்ததால் முதலில் வெளியே தெரியவில்லை. சண்டை போட்டுத்தான் வேறு மெஷின் வாங்க முடிந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கீழக்கரை வாசி

தம்பி, புதுசு வாங்கினால் நிம்மதி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம், அதனால்தான் எழுதுகிறேன். வாப்பா துபாயிலிருந்து பணம் அனுப்பி, கடைக் கணக்குப் பார்க்கப் புதுசாகவே எடுத்தோம். மேஜை கடல் பக்க ஜன்னலை ஒட்டி இருக்கும். வாரன்டி முடிவதற்கு முன்பே சார்ஜ் ஏறவில்லை. தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

சர்வீஸ் பையன் அடி மூடியைக் கழற்றினான். நான் ஊர் பேரைக்கூடச் சொல்லவில்லை. “சார், வீடு கடல் பக்கமா?” என்று கேட்டான். சார்ஜிங் போர்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. அரிப்பு வாரன்டியில் வராது என்று சொல்லி, போட்டோ எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புதுசுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணமெல்லாம் அந்த வாரன்டிக்காகத்தானே?

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய டெல் லேட்டிட்யூட் லேப்டாப்பில் அரபி எழுத்துக் கீபோர்டு. அதைத் தட்டித்தான் இப்போது கடைக் கணக்கு ஓடுகிறது.

மண்டபம் ஜெராக்ஸ்

கீழக்கரை அண்ணே, அது காற்றின் வேலை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை இந்த உப்புக்காற்றிலிருந்து காப்பாற்ற வருஷம் முழுக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் நம் லேப்டாப்பின் ஃபேன் வழியாகவும் உள்ளே போகிறது.

என் கதை சின்னது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் கிடந்த செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பை மலிவாக வாங்கினேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் பிரின்ட் எடுக்கப் பிள்ளைகள் கடை வாசலில் வரிசையாக நிற்கிறார்கள், மெஷின் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. மெமரியான ராமைக் கழற்றினால் தங்கக் கால்கள் கறுத்துப்போய் இருந்தன. முன்னால் நின்ற பிள்ளையிடமே அழிரப்பர் வாங்கித் தேய்த்து மாட்டியதும் ஓடியது.

ஆகவே மெஷின் இதற்கு முன் எங்கே வாழ்ந்தது என்று முதலில் கேளுங்கள். பெங்களூரு, சென்னை ஐடி ஆபீஸில் ஏசிக்குள் இருந்த ஐந்து வயது மெஷினின் உள்ளே, நம் கடற்கரையில் ஒரு வருஷம் இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அந்த ஈரத்தில்தான் செம்பு அரிக்கிறது, கரன்ட் ஓடும்போது இன்னும் வேகமாக. கடைக்காரரிடம் அடி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ தலையும் யூஎஸ்பி வாயும் துருப் பிடித்திருந்தால் மெஷின் கரையோர ஊர்க்காரன், வேண்டாம் என்று வந்துவிடுங்கள். அப்புறம் பிராசசர் எண். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-க்குப் பின்னால் 8350 என்று இருந்தால் சரி, 7300 என்றால் ஏழாவது. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், செட்டிங்ஸில் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்த சார்ஜ்) 48,000 என்று போட்டு, ஃபுல் சார்ஜ் (இப்போது பிடிப்பது) 20,000 என்று இருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாப்ட்வேர் சொல்லிவிடும். விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங் திரையான பயாஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். தங்கச்சிமடம் தம்பிக்கு நடந்தது வராமல் இருக்க, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்துக் கடையிலேயே ரீசெட் போட வையுங்கள். நேரம் ஆகும், ஆனாலும் உட்கார்ந்து முடித்துவிட்டே வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கடல் பக்க ஜன்னலருகில் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் பையில் போட்டும் வைக்காதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே ஈரம் போய்விடும்.

தொண்டி நெய்தல்

எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள எல்லாம் குப்பை என்று ஆக்கிவிடாதீர்கள். ஏழாம் தலைமுறை மெஷினில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டுகிறேன். விண்டோஸ் 11 ஏறாது என்பதாலேயே இவை மலிவாக வருகின்றன. டாலி கணக்கு சாப்ட்வேர் ஓட்டுபவர்களுக்கு ஒத்து வராது, அது சரி. படிக்கிற பிள்ளைக்குப் பிரவுசரும், புரோகிராம் எழுதப் பைத்தானும் போதும்.

தேவிபட்டினம் டீச்சர்

மண்டபம் தம்பி, உங்களால் ராமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்க்க முடியும். என் அக்கா மகளால் முடியாது. பேட்டரி எண்ணைப் பார்க்கச் சொல்லித்தர அன்றைக்கு எங்களுக்கு யாரும் இல்லை.

அவளுக்கு ரீஃபர்பிஷ்டுதான் எடுத்துக் கொடுத்தார்கள். ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனது. பேட்டரி 80 சதவீதம் காட்டியது, அதனால் பயப்படவில்லை. இரண்டு கேள்வி தாண்டுவதற்குள் திரை பட்டென்று அணைந்துவிட்டது. அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்க்கும்போது, பிள்ளை கைபேசி வெளிச்சத்தில் சார்ஜர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வாரன்டி மெஷினுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்கு, நகையை வைத்தாவது வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் வாரன்டியோடு புதுசு வாங்கிக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மண்டபம் ஜெராக்ஸ்

டீச்சர், அந்தப் பிள்ளைக்கு நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நகையை வைத்து வாங்க வேண்டாம். ரீஃபர்பிஷ்டு எடுக்கும்போதே புது பேட்டரி விலையையும் சேர்த்துப் பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். திங்க்பேட் டி480 என்றால் பின்பக்க பேட்டரியை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்டலாம். இப்போது வரும் மெல்லிசான புது மாடல்கள் நிறையவற்றில் ராமை போர்டோடு ஒட்டியே வைத்திருக்கிறார்கள், அது கெட்டால் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

கீழக்கரை வாசி

டீச்சர், வீட்டுக்கு ஆள் வரும் வாரன்டியிலும் அரிப்பு சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் பில்லின் பின்பக்கம் சின்ன எழுத்தில் சேராது என்றுதான் இருந்தது. அந்த வாரன்டி எடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பாம்பன் பாலம் தாண்டி நிஜமாகவே ஆள் வந்து பார்த்தார்களா, இல்லை மதுரைக்குக் கொண்டுவரச் சொன்னார்களா?